சட்டைப் பையில் இருந்த ஜெபம்

அந்தக் காகிதத்தை இன்றும் கோயில் திருவிழாக் கடைகளில் விற்கிறார்கள். ஜெபமாலைக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவே கட்டாகக் கிடக்கும். நான் கையில் எடுப்பதில்லை. எடுத்தால் கண் தானாகக் கீழ்ப்பக்கம் போய்விடும். அங்கே ‘சாட்சி’ என்று போட்டுச் சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும். அதில் நான் இருக்கிறேனோ என்று பயம். ஒரு தடவை இருந்தேன். எண்ணூர் மீனவனாக மாறி, ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து, விடிந்ததும் கரை சேர்ந்திருந்தேன். நான் காசிமேட்டுக்காரன். மீன் பிடித்ததே கிடையாது. தண்ணீரில் கிடந்தது ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம்கூட இல்லை. கடைக்காரர் “வேணுமா?” என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, எதையோ திருடியவன் மாதிரி வேகமாக நடந்தேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள் அது. மேலே சிலுவைப் படம். ஆண்டவர் உயிர்த்தெழுந்த பிறகு அவருடைய கல்லறையில் கண்டெடுக்கப்பட்ட ஜெபம் என்று தடித்த எழுத்தில் தலைப்பு. ஒரு பாப்பரசர், போருக்குப் போன ஒரு ராஜாவுக்கு அதை அனுப்பிவைத்த கதை பிறகு வரும். இதை உடம்பில் வைத்திருப்பவர் தண்ணீரில் சாகமாட்டார், நெருப்பில் வேகமாட்டார், ஆயுதம் அவர்மேல் பாயாது. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணின் வலது பக்கத்தில் வைத்தால் தாயும் பிள்ளையும் சேதமில்லாமல் பிரிவார்கள். அதற்கெல்லாம் அப்புறம்தான் ஜெபம். கடைசியில் ஒரு கட்டளை: பலன் கண்டவர்கள் தங்கள் சாட்சியையும் சேர்த்து மறுபடி அச்சடித்து நாலு பேருக்குக் கொடுக்கவேண்டும். எந்தப் பாப்பரசர், எந்த ராஜா, கல்லறைக்குள் நுழைந்து எடுத்தது யார் என்பது எதுவும் இருக்காது. எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதும் இல்லை. கல்லறையில் கிடைத்தது, அச்சில் வந்திருக்கிறது. அதற்குமேல் என்ன வேண்டும்?

காசிமேட்டில் கட்டுமரத்தில் போகிறவர்கள் அதைச் சின்னதாக மடித்து, மெழுகுத் துணியில் வைத்துத் தைத்து, அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வார்கள். என் அப்பாவும் கட்டியிருந்தார். ஒரு ஐப்பசியில் கயிறு இற்றுப்போய்விட்டது என்று அம்மா அந்தப் பொட்டணத்தைக் கழற்றி, புதுக் கயிறு கோக்க எடுத்து வைத்தாள். அன்றைக்குத்தான் மரம் கவிழ்ந்தது. கூடப் போனவர் நீந்தி வந்துவிட்டார். அப்பா வரவில்லை. புதுக் கயிறு கோத்த பொட்டணம் மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

காகிதம் மேலே இருந்திருந்தால் அவர் செத்திருக்கமாட்டார். அம்மாவின் கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கில் பழி முழுக்க அவள் தலையில் விழுந்தது. அதை அவள் தன் மீன் கூடையைப் போலச் சுமந்துகொண்டு நடந்தாள். காரணமே இல்லாமல் ஒரு மனுஷன் போய்விட்டான் என்பதைவிட அந்தப் பாரம் அவளுக்கு லேசாக இருந்திருக்கவேண்டும். இப்போது அப்படித் தோன்றுகிறது. அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. பயம் மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

மரத்தில் ஏறச் சொன்னால் ஓடி ஒளிந்துகொள்வேன். மீன்காரன் மகன் கடலுக்குப் பயப்படுகிறான் என்றால் சும்மா விடுவார்களா? “இவன மரத்துல ஏத்தாதீங்கடா, மரத்துக்கே வாந்தி வந்துடும்” என்பார் என் தாய்மாமன். நீச்சல்கூட எனக்கு இடுப்பளவு தண்ணீர் வரைதான். கடைசியில் அவரே பிடித்துப்போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கும்பலில் சேர்த்துவிட்டார். அங்கேயும் தண்ணீர்தான். ஆனால் நடுவே கல் சுவர் இருந்தது. அதைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வேலைக்குப் போன முதல் நாளே அம்மா எனக்கும் ஒரு பொட்டணம் தைத்துக் கட்டிவிட்டாள். இங்கேதான் என் சுபாவம் குறுக்கே வந்தது. மூட்டை தூக்கினால் வேர்வை ஆறாக ஓடும். மெழுகுத் துணிக்குள் வேர்வை புகுந்தால்? எழுத்து கரைந்தால்? கரைந்தது தெரியாமல் நான் அதை நம்பிக்கொண்டிருந்தால்? இதையே யோசித்து யோசித்து, கடைசியில் அதை அரைஞாணிலிருந்து அவிழ்த்துச் சட்டைப் பையில் வைக்க ஆரம்பித்தேன். வேலை தொடங்கும்போது சட்டையைக் கழற்றி, கிடங்கின் சன்னல் கம்பியில் மாட்டிவிடுவேன். காகிதம் என்னைக் காப்பாற்றவேண்டியது போய், நான் காகிதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று வந்திருந்தது அமெரிக்காக் கோதுமைக் கப்பல். மூட்டை ஒன்று கிழிந்து, கப்பலோரம் தரையெல்லாம் கோதுமை சிந்திக் கிடந்தது. அதன்மேல் கால் வைத்தேன். மணிகள் உருண்டன. அவ்வளவுதான். கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் போய் விழுந்தேன்.

அந்த இடத்தில் விழுந்தவனுக்குத் தண்ணீர் பெரிய ஆபத்து இல்லை. கப்பல் கொஞ்சம் அசைந்து சுவரோடு ஒட்டினால் தேங்காய் மாதிரி நசுங்கவேண்டியதுதான். மேலே எல்லோரும் கத்தினார்கள். கயிறு கொண்டுவர ஓடினார்கள். ஒருவன் மட்டும் குதித்தான். என் கும்பலில் என்னோடு ஜோடியாக மூட்டை பிடிக்கிறவன். வியாசர்பாடிக்காரன், பக்கிங்காம் கால்வாயில் நீந்திப் பழகியவன். நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

“கழுத்த வுடுடா கஸ்மாலம்! ரெண்டு பேரும் பூடுவோம்! நீ சும்மா கெட, நான் உன் முடியப் புடிச்சிகினு இஸ்துகினு போறேன்!”

அப்படித்தான் போனேன். முடியைப் பிடித்துச் சுவரோரம் இழுத்து, இரும்பு ஏணியில் என் கையை வைத்து, பின்னாலிருந்து தோளால் முட்டி முட்டி ஏற்றினான். மேலே வந்து நான் உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தபோது பக்கத்தில் குந்தி முதுகைத் தடவினான்.

“மீன்காரன் வூட்ல பொறந்துட்டு முழுவுறியே மாமு. வெளிய சொல்லாத. மானம் பூடும்” என்று சிரித்தான்.

அவன் சன்னல் கம்பியிலிருந்து என் சட்டையை எடுத்துவந்து மாட்டிவிட்டான். ஒரு கைரிக்‌ஷாவில் என்னை உட்காரவைத்து, ஈர லுங்கியோடு கூடவே நடந்து வீடு வரைக்கும் வந்தான். அந்தச் சட்டையை அவன் மாட்டாமல் விட்டிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது. இதையும் நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

செய்தி எங்களுக்கு முன்னே போய்விட்டது. வீட்டு வாசலில் கூட்டம். அம்மா ஏலத்தில் எடுத்த மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். என் முகத்தைத் தடவினாள், தலையைத் தடவினாள், நெஞ்சைத் தடவினாள். கை சட்டைப் பையில் வந்து நின்றது. பொட்டணத்தை வெளியே எடுத்தாள்.

“நனையலடீ!” என்று அலறினாள். “தண்ணில வுழுந்து எழுந்து வந்துகீறான், ஜெபம் நனையலடீ!”

“சட்டைய கழட்டி மாட்டியிருந்தேம்மா. இதோ இவன்தான் குதிச்சு…” என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அதற்குள் பெண்கள் குலவையிட ஆரம்பித்துவிட்டார்கள். பொட்டணம் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஆளாளுக்குக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவன் வாசலில் லுங்கியைப் பிழிந்துகொண்டு நின்றான். கூட்டத்தில் யாரோ அவனிடம், “யாருப்பா நீ? கொஞ்சம் ஓரமா நில்லு, புள்ளைக்குக் காத்து வரட்டும்” என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். ஒரு சொம்பு தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. கொடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் கதை என் கையில் இல்லை. காலையில் காசிமேட்டில் நான் முங்கி எழுந்திருந்தால், சாயங்காலம் ராயபுரத்தில் நான் அடிவரைக்கும் போய் வந்திருப்பேன். திருவொற்றியூர்க்காரர் ஒருவர், கப்பல் தானாகவே விலகி வழிவிட்டதைத் தன் மச்சான் பார்த்ததாக என் முன்னாலேயே சொன்னார். நான் “அப்படி இல்லீங்க” என்றேன். “உனுக்கு எப்டிப்பா தெரியும்? நீ உள்ள இருந்தே” என்றார். காய்ச்சல் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வந்து, என் கையால் அந்தப் பொட்டணத்தைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். நான் கையைப் பின்னுக்கு இழுப்பேன். அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இது எங்கள் பங்குச் சாமியார் காதுக்குப் போயிற்று. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்த புதுசு. பழைய சாமியார் மாற்றலாகிப் போய், சைக்கிளில் சுற்றும் ஒரு இளம் சாமியார் வந்திருந்தார். வீட்டுக்கே வந்தார். பாயில் உட்கார்ந்து காகிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார்.

“கல்லறைக்குள்ள என்ன இருந்ததுன்னு சுவிசேஷத்துல இருக்கும்மா” என்றார். “ஆண்டவரைச் சுத்தியிருந்த துணி கிடந்தது. தலைத்துணி தனியா மடிச்சு இருந்தது. துணி மடிச்சதைக்கூட எழுதினவர், ஒரு ஜெபம் கிடந்திருந்தா எழுதாம விட்டிருப்பாரா?”

“மறந்துட்டிருப்பாரு சாமி” என்றாள் அம்மா. “நானே மார்க்கெட்டுக்குப் போனா ஒண்ணு மறந்துட்டு வரேன்.”

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ எழுதினார்கள், அப்போஸ்தலர் பேரையே போட்டும் எழுதினார்கள், திருச்சபை எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவில்லை என்றார். எழுதியது யார், பார்த்தது யார், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று விசாரித்துத்தான் வைத்தார்களாம். “இந்தத் தாளுக்கு அப்பா அம்மா யாருன்னே தெரியலையே. பார்த்தவன் ஒருத்தனாவது வேணும்” என்று என் பக்கம் திரும்பினார். “நீதான் பார்த்தவன். சொல்லு. அன்னைக்கு இது உன் உடம்புல இருந்ததா?”

“இல்ல சாமி. சட்டையில இருந்துச்சு. சட்டை மேல மாட்டியிருந்துச்சு. என்கூட வேலை செய்றவன் குதிச்சுத் தூக்கினான்.”

“இதத்தான் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சனங்க முன்னால சொல்லணும். நான் பிரசங்கத்துல சொன்னா சண்டைக்கு வருவாங்க. நீ சொன்னா நம்புவாங்க.”

சாமியார் போன பிறகு அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்: “போய்ச் சொல்லு நைனா. பொய் சொல்லுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லிட்டா, உங்கப்பன் சும்மாத்தான் செத்தான்னு ஆவுது. அத்தயும் சேத்துச் சொல்லிடு.”

ஞாயிறு வரைக்கும் இதையேதான் யோசித்தேன். இரண்டு பக்கமும் உண்மை இருந்தது. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றை மிதிக்கவேண்டும். படித்தவனாக இருந்தால் எப்படியாவது கோத்துப் பேசியிருப்பானோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை.

பூசை முடிந்தது. சாமியார் என்னைப் பீடத்துக்குக் கீழே கூப்பிட்டு நிறுத்தினார். பெண்கள் பக்கத்தில் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

“அன்னைக்கு ஜெபம் என் உடம்புல இல்ல” என்றேன். “சட்டையில இருந்துச்சு. சட்டைய மேல மாட்டியிருந்தேன்.”

அடுத்து அவனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருவன் குதித்தான், முடியைப் பிடித்து இழுத்தான். வாய் திறந்துதான் இருந்தது. வார்த்தை வருவதற்குள் ஒரு கிழவி எழுந்தாள்.

“அட என் மாதாவே! தூரத்துல தொங்கிகினு இருந்தே காப்பாத்திக்கீது பாருங்கடீ!”

கோயிலே அதிர்ந்தது. சாமியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அம்மா அழுதாள். அது என்ன அழுகை என்று எனக்குத் தெரியும்; எங்கள் வீட்டு ஆணியிலும் ஒன்று தொங்கிக்கொண்டுதானே இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இடத்துக்குத் திரும்பி வந்தேன். பாதி உண்மையைச் சொன்னேன். அந்தப் பாதி, பொய்க்கு இன்னும் பலம் கொடுத்துவிட்டது. சாமியார் அதற்கப்புறம் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பலன் கண்டவர் அச்சடித்துக் கொடுக்கவேண்டுமே. அம்மா ராயபுரத்தில் ஒரு சின்ன அச்சகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அச்சகக்காரர் பழைய தாளை வாங்கி ஆணியில் குத்திவிட்டு, சாட்சி என்ன என்று கேட்டார். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு வாசித்துக் காட்டினார். காசிமேட்டைச் சேர்ந்த ஒரு வாலிபன் துறைமுகத்தில் கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து, இந்த ஜெபத்தின் வல்லமையால், மனித உதவி ஏதுமின்றி, உயிரோடு கரையேறினான்.

“மனித உதவி ஏதுமின்றின்னு அம்மா சொல்லலையே” என்றேன்.

“சொல்லலதான். ஆனா சாட்சின்னா அப்டித்தான் போடறது தம்பி. எல்லாத்துலயும் கீது பாரு” என்று வேறு நாலு தாள்களை எடுத்துக் காட்டினார். உண்மைதான். எல்லாவற்றிலும் இருந்தது. அந்த நாலு பேரையும் எந்த மனிதர்கள் தூக்கிவிட்டார்களோ!

“ஒருத்தன் குதிச்சுக் கை குடுத்தான். அதையும் ஒரு வரி போடலாமா?”

“போடலாமே. அப்பால அது ஜெபத்தோட சாட்சி இல்ல. அந்த ஆளோட சாட்சி. எத்த அடிக்கிறதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிகினு சொல்லுங்க.”

அம்மா முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

“இருக்கறபடியே இருக்கட்டும்” என்றேன்.

இது எல்லாம் அவனுக்குத் தெரியாதா என்றால், தெரியும். துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கும்பலில் ஒருவன், “இன்னாடா, நீ குதிச்சேன்னு நாங்க பாத்தோம். இப்போ பேப்பரு குதிச்சதுன்றாங்க?” என்று அவனைக் கிளறுவான்.

“அப்போ நான் யாரு மாமு? பேப்பரா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டு அவனும் சிரிப்பான். சிரித்துக்கொண்டேதான் மூட்டையின் மறு முனையைப் பிடிப்பான். நான் தலையைக் குனிந்துகொண்டு என் முனையைத் தூக்குவேன். கோபித்திருக்கலாம் அவன். ஜோடியை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தாள் அச்சாகி வந்து, அம்மா காசிமேடு முழுக்கக் கொடுத்து முடித்த சமயம். சாப்பாட்டு நேரத்தில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் மனைவிக்கு மாதம் நெருங்கியிருந்தது. முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

“மாமு, அந்தப் பேப்பரு ஒண்ணு குடேன்.”

நான் கிண்டல் என்று நினைத்தேன். இல்லை.

“புள்ளைத்தாச்சிக்கு நல்லதாமே. பயந்துகினு கீறா. தூக்கமே இல்ல. எங்க வூட்ல புத்தரு படம்தான். இருந்தா இன்னா, கோச்சுக்க மாட்டாரு.” கொஞ்சம் நிறுத்தினான். “ஒண்ணு சொல்லட்டா? அன்னிக்கு நான் குதிச்சப்போ பயமே இல்ல. அந்த சந்துல எவன் குதிப்பான்? எனுக்கே ஆச்சரியமா கீது. ஒருவேள அது உங்க பேப்பரு வேலையோ இன்னாவோ.”

அவன் செய்ததை நாங்கள்தான் அவனிடமிருந்து பிடுங்கியிருந்தோம். இப்போது அவனே அதை எடுத்து எங்கள் கையில் வைக்கிறான். சட்டைப் பையில் புதுத் தாள் ஒன்று இருந்தது. கொடுத்தேன்.

அவனுக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கீழே இருந்த சின்ன எழுத்தின்மேல் விரல் வைத்தான். “இதுதானே நம்ம கதை? படி, கேக்கறேன்.”

படித்தேன். காசிமேட்டைச் சேர்ந்த ஒரு வாலிபன் என்று ஆரம்பித்தேன். கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து என்று வந்தேன். அதற்கடுத்த வார்த்தைகள் கண் முன்னால் இருந்தன. அவன் முகமும் கண் முன்னால் இருந்தது. “வியாசர்பாடியைச் சேர்ந்த அவன் நண்பன் தன் உயிரை மதியாமல் குதித்துத் தூக்கி, உயிரோடு கரையேற்றினான்” என்று படித்தேன். அவன் பேரையும் சேர்த்தேன். இல்லாததைப் படித்தேன். குரல் தடுமாறவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

“என் பேரு போட்டுக்கீதா?” என்று தாளை வாங்கி உற்றுப் பார்த்தான். எந்த எழுத்து தன் பேர் என்று தேடுவது மாதிரி இருந்தது. பிறகு துண்டில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டான். அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே மூட்டை தூக்கினான்.

மறுநாள் பாட்டு இல்லை. வந்ததும் தாளை எடுத்து என் மடியில் போட்டான்.

“என் பொண்டாட்டி எட்டாவது வரைக்கும் படிச்சவ. தெரியுமில்ல உனுக்கு?”

எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

“எனுக்குப் படிக்கத் தெரியாதுன்னா இன்னா வேணா படிப்பியா நீ? ஆசையா அவகிட்ட போய், என் பேரு கீது படின்னு குடுத்தேன். எங்க கீதுன்னு கேக்கறா. மனித உதவி ஏதுமின்றின்னு படிக்கறா. நான் இன்னா சொல்றது?”

“நான் படிச்சதுதான் நெசம்டா” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“அதத்தான் நானும் சொன்னேன். நெசம்தான், பேப்பருதான் பொய் சொல்லுதுன்னேன். அதுக்கு அவ கேக்கறா, கீழ போட்டது பொய்யினா மேல போட்டதும் பொய்தானே, அத்த எதுக்கு நான் பக்கத்துல வெச்சிக்கணும்னு.” என் முகத்துக்கு நேராகக் குனிந்தான். கோபம் போய், பயம்தான் இருந்தது அந்தக் கண்ணில். “நீ சொல்லு மாமு. உங்க சாமி, உங்க பேப்பரு. வெக்கலாமா, வேணாமா?”

சாமியார் என்னைச் சொல்லச் சொன்னதும் இதைப் பற்றித்தான். அப்போது கோயில் நிறைய ஆட்கள் இருந்தார்கள், தப்பித்துவிட்டேன். இங்கே யாரும் குறுக்கே எழுந்து கத்தமாட்டார்கள். கல்லறையில் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது என்றேன். எங்கள் அப்பா கதையைச் சொன்னேன். கயிறு இற்றுப்போனதை, புதுக் கயிற்றை, ஆணியை. இதை நான் அவனிடம் அதுவரை சொன்னதில்லை. “ஜெபம் தூக்கிச்சான்னு தெரியாது. நீ தூக்கினது தெரியும். வலி எடுத்தா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு ஓடு. இது பக்கத்துல இருக்கறதும் இல்லாததும் அவ மனசு” என்றேன்.

அவன் யோசித்தான். பிறகு, மூட்டைக்கு அடையாளம் போடுவதற்காகக் காதில் செருகியிருந்த நீலப் பென்சிலை எடுத்து நீட்டினான்.

“நீ படிச்ச மாதிரியே எழுதிக் குடு.”

‘மனித உதவி ஏதுமின்றி’ என்பதை அடித்தேன். ஓரத்தில் இடம் குறைவு. பள்ளிக்கூடம் விட்டபிறகு அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. வரி கோணிக்கொண்டு சிலுவைப் படத்தின் அடிவரை ஏறிப்போயிற்று. அவன் பேரை அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். அவன் விரலை வைத்து அதைத் தடவிப் பார்த்தான்.

“கையால எழுதினது ஆச்சே இது” என்றான். “அச்சு இல்லியே. அவ நம்புவாளா?”

மணி அடித்தது, எழுந்தோம்.

பெண் குழந்தை. ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியில், தாயும் பிள்ளையும் நன்றாக. அவன் கும்பலுக்கெல்லாம் ஜிலேபி வாங்கி வந்தான். என் வாயில் அவனே ஊட்டினான். ஊட்டிவிட்டு எல்லோரையும் பார்த்து, “இவன் குடுத்த பேப்பருதாம்பா! பக்கத்துல வெச்சதுமே வலி கொறஞ்சிடுச்சுன்னு சொல்றா!” என்று என் தோளைத் தட்டினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவளை ராத்திரியோடு ராத்திரியாக வியாசர்பாடியிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடியது அவன்தான். அதை அவன் சொல்லவில்லை. எனக்கே பிறகு இன்னொருவன் சொல்லித்தான் தெரிந்தது. வாய் நிறைய ஜிலேபி இருந்ததால் அந்த நேரத்தில் நான் ஒன்றும் பேசவேண்டியிருக்கவில்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாக மென்றுகொண்டு நின்றேன்.